முழங்கால் வலியா? மாத்திரைக்கு முன்னால் பயிற்சி!



நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில் நடந்த விஷயத்தைச் சொல்லி இந்தக் கட்டுரையை ஆரம்பிக்கிறோம். அந்தக் குழுவில் ஓர் அக்கா, வயது ஐம்பத்தி நாலு. குழு ஆரம்பித்த நாளிலிருந்து சேமிப்பு ஒரு மாதம்கூட தவறியதில்லை. திடீரென்று கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். சந்தாவை மட்டும் பேத்தியிடம் கொடுத்து அனுப்புவார். தொடர்ந்து நாலு கூட்டத்துக்கு வரவில்லை என்று தீர்மான நோட்டில் எழுதி, விதிப்படி அபராதமும் போட்டோம். "ஆர்வம் குறைஞ்சு போச்சு" என்று நாங்களும் நினைத்தோம்.

பிறகு ஒரு நாள் வீட்டுக்கே போய்ப் பார்த்தோம். அவர் சொன்னார்: "வரக்கூடாதுன்னு இல்ல தாயி. ஜமுக்காளத்துல ரெண்டு மணி நேரம் உக்காந்தா எழுந்திரிக்க முடியல. நாலு பேரு கையப் புடிச்சுத் தூக்கணும். வெக்கமா இருக்கு. அதான் வரல."

எங்களுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அபராதம் போட்டது வலிக்குத்தான், ஆர்வக் குறைவுக்கு இல்லை. அதைவிட வருத்தம் இன்னொன்று. முட்டி வலிக்காக அவர் குழுவில் உள்கடன் வாங்கி, டவுனில் ஒருவரிடம் ஊசி போட்டிருக்கிறார். மருந்துக் கடையில் "வலி மாத்திரை கலந்து கொடுங்க" என்று கேட்டு எட்டு மாதமாகச் சாப்பிட்டிருக்கிறார். பயிற்சி என்று ஒன்று இருப்பதை யாருமே அவருக்குச் சொல்லவில்லை. அவர் பெயர் வேண்டாம் என்றார், விஷயத்தை மட்டும் எழுதச் சொன்னார். எழுதுகிறோம்.

முட்டிக்குள் என்ன நடக்கிறது?

தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைக்கும்போது நடுவில் சும்மாடு வைக்கிறோம் அல்லவா? அதேபோல முழங்காலில் தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவில் குருத்தெலும்பு என்ற சும்மாடு இருக்கிறது. வழவழப்பான ஒரு நீரும் அங்கே ஊறும். வயதாக ஆக, எடை கூடக் கூட, அல்லது எப்போதோ அடிபட்டிருந்தால், இந்தச் சும்மாடு மெலிகிறது. இதைத்தான் மூட்டுத் தேய்மானம் என்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் மாதவிடாய் நின்ற பிறகு, இது அதிகம் வருகிறது. குத்தவைத்தும் மண்டியிட்டும் வருடக் கணக்கில் வேலை செய்வதும், பாரம் தூக்குவதும் ஒரு காரணம்.

"தேஞ்சு போச்சுன்னா நடக்கக்கூடாது, ஓய்வாத்தான் இருக்கணும்" என்று பலர் நினைக்கிறோம். இங்கேதான் தப்பு நடக்கிறது. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டை மடக்கி நீட்டும்போதுதான் அந்த வழவழப்பு நீர் உள்ளே போய் அதற்குச் சத்துக் கொடுக்கிறது. ஆட்டாமல் வைத்தால் மூட்டு இறுகிப் போகும்.

இன்னொன்று, தொடையின் முன்பக்கத் தசை. ஓர் அண்டாவை இரண்டு பேர் தூக்கினால் பாரம் பாதியாகும். அதேபோல உடம்பின் பாரத்தில் ஒரு பங்கைத் தொடைத் தசை தாங்குகிறது. வலி என்று உட்கார்ந்துவிட்டால் தசை மெலியும். தசை மெலிந்தால் முழுப் பாரமும் மூட்டில் விழும். வலி கூடும். வலி கூடினால் இன்னும் உட்காருவோம். இந்தச் சுற்றை அறுப்பதுதான் இயன்முறை மருத்துவம், அதாவது பிசியோதெரபி. தேய்ந்ததைப் பயிற்சி திரும்ப வளர்க்காது. ஆனால் தசைக்கு பலம் ஏற்றி, வலியைக் குறைத்து, நம் வேலையை நாமே செய்யும்படி வைக்கும்.

மாத்திரை, ஊசி விஷயத்தில் ஜாக்கிரதை

டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை டாக்டர் சில நாட்களுக்கு எழுதித் தருவது வேறு. நாமே மாதக் கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது வேறு. வயிற்றில் புண் வரும், ரத்தக் கசிவுகூட வரலாம். சிறுநீரகம் கெடும், பிரஷர் ஏறும். ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம்.

கடையில் பிரித்துக் கலந்து பொட்டலமாகத் தரும் மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்கலாம். சாப்பிட்டதும் "அற்புதமா கேக்குது" என்று தோன்றும். நாள்பட்டால் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு பலம் இழக்கும். நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய் அரசு டாக்டரிடம் காட்டுங்கள், அவர் சொல்லும் விதமாகக் குறையுங்கள்.

வீட்டிலேயே செய்யும் 5 பயிற்சிகள்

முதல் தடவை இயன்முறை மருத்துவரிடம் காட்டி, அவர் முன்னால் செய்து பழகுவது நல்லது. ஆபரேஷன் ஆனவர்களும், சமீபத்தில் கீழே விழுந்தவர்களும் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். எல்லாப் பயிற்சியிலும் மூச்சை அடக்காதீர்கள். வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக வரும்.

1. துண்டை அழுத்துதல்: காலை நீட்டி உட்காருங்கள் அல்லது படுங்கள். ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வையுங்கள். முட்டியால் துண்டைக் கீழே அழுத்தி 5 எண்ணுங்கள். தொடை இறுகுவது தெரியும். பிறகு தளர்த்துங்கள். 10 முறை.

2. காலைத் தூக்குதல்: மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வையுங்கள். மறு காலை முட்டி மடங்காமல் ஓர் அடி உயரம் தூக்கி, 5 எண்ணி, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை.

3. குதிகாலை இழுத்தல்: படுத்தபடியே குதிகாலைப் பாயில் தேய்த்து உடம்பை நோக்கி இழுங்கள். முடிந்த அளவு மடக்கி, மறுபடி நீட்டுங்கள். 10 முறை. காலையில் எழுந்ததும் செய்தால் இறுக்கம் விடும்.

4. நாற்காலியில் காலை நீட்டுதல்: நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி 5 எண்ணி இறக்குங்கள். 10 முறை. டி.வி. பார்க்கும்போதே செய்யலாம்.

5. உட்கார்ந்து எழுதல்: நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். முடியாதவர்கள் கையை ஊன்றிக்கொள்ளலாம். 5 முறையில் ஆரம்பித்து 10 வரை கூட்டுங்கள்.

இதோடு சமதளத்தில் 10 நிமிட நடை. போகப் போக நேரத்தைக் கூட்டலாம்.

"செய்யும்போது வலிக்குதே, செய்யலாமா?" என்று கேட்பீர்கள். லேசான வலி இருந்தால் பயப்பட வேண்டாம். மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். ஒரு வாரத்தில் பலன் தெரியாது. ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். நம் சேமிப்பு மாதிரித்தான் இதுவும். சிறுகச் சிறுகத்தான் சேரும்.

அன்றாட வேலையில் சின்ன மாற்றங்கள்

* காய் நறுக்க அரிவாள்மனையோடு தரையில் உட்காராமல், மேடையிலோ ஸ்டூலிலோ வைத்துக் கத்தியால் நறுக்குங்கள்.
* குத்தவைத்து உட்காருவதைக் குறையுங்கள். கழிப்பறையில் உட்கார ஒரு கழிப்பறை நாற்காலி போட்டுக்கொள்ளலாம்.
* பெரிய குடம் ஒன்றுக்குப் பதில் சின்னக் குடமாக இரண்டு நடை எடுங்கள்.
* கோல் பிடிப்பவர்கள் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நம்மில் பலர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறோம்.
* படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.
* எடை கூடுதலாக இருந்தால் குறையுங்கள். உடம்பில் 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முட்டிக்குச் சுமார் 4 கிலோ பாரம் குறைகிறது என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள்.
* வெந்நீர் ஒத்தடம் பத்து, பதினைந்து நிமிடம் கொடுக்கலாம். சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். அதனால் முதலில் வேறொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும்.

எப்போது உடனே டாக்டரிடம் போக வேண்டும்?

எல்லா மூட்டு வலியும் தேய்மானம் இல்லை. கீழே உள்ளவை இருந்தால் பயிற்சியோடு நின்றுவிடாதீர்கள்.

* மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால், கூடவே காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.
* இரண்டு கை விரல் மூட்டுகளிலும் வீக்கம் இருந்து, காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரமாவது கை மடங்காமல் இறுகி இருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். இது இளம் பெண்களுக்கும் வரும். மருந்தைச் சீக்கிரம் ஆரம்பித்தால் விரல்கள் கோணாமல் காப்பாற்றலாம்.
* கீழே விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாவிட்டால்.
* இடுப்பு வலியோடு கால் மரத்துப் போனால், சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் போனால் அல்லது நின்றுவிட்டால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

2006-ல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் விட்ட பிறகும் பலருக்கு மாதக் கணக்கில் மூட்டு வலி இருந்தது நினைவிருக்கும். காய்ச்சலோடு மூட்டு வலி வந்தால் நீங்களாக வலி மாத்திரை வாங்காதீர்கள். டெங்குவாக இருந்தால் சில வலி மாத்திரைகள் ரத்தக் கசிவை உண்டாக்கும். முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

எங்கே போவது? எவ்வளவு செலவு?

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இயன்முறை மருத்துவப் பிரிவு உண்டு. கட்டணம் இல்லை. வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்காக, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் சேர்க்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களாக நம்மைப் போன்ற குழுப் பெண்களையே எடுத்தார்கள். உங்கள் ஊருக்கு எந்த நாளில் வருகிறார்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மூட்டு மாற்று ஆபரேஷன் என்பது மற்ற எல்லாம் செய்தும் முடியாதவர்களுக்குத்தான். யாராவது "ஆபரேஷன்தான்" என்று சொன்னால் உடனே நகையை அடகு வைக்காதீர்கள். காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு முதலில் அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

அந்த அக்காவின் வீட்டிலிருந்து வந்ததும் குழுவைக் கூட்டிப் பேசினோம். மூன்று தீர்மானம் போட்டார்கள். ஒன்று, அவருக்குப் போட்ட அபராதம் ரத்து. இரண்டு, முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம், அதற்காக நான்கு நாற்காலி வாங்குவது. மூன்று, ஒவ்வொரு கூட்டத்திலும் வரவு செலவு படிக்கும் முன் பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து பயிற்சி செய்வது.

முதல் கூட்டத்தில் ஒரே சிரிப்பு. "இந்த வயசுல பி.டி. பீரியடா?" என்றார்கள். மூன்றாவது கூட்டத்தில் இருபது வயசு மருமகள்கள்கூட எண்ணிக்கை சொன்னார்கள். பக்கத்து வீட்டு உறுப்பினர் தினமும் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் "இன்னைக்கு செஞ்சீங்களா?" என்று கேட்டார். தனியாக இருந்தால் விட்டுப் போகும், கேட்க ஆள் இருந்தால் விடாது.

நாலு மாதம் ஆகிவிட்டது. அக்காவுக்கு வலி முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். மழை நாளில் இன்னும் வலிக்கிறது என்கிறார். டாக்டர் சொன்னபடி பொட்டல மாத்திரையை நிறுத்திவிட்டார். ரேஷன் கடைக்குத் தானே நடந்து போய் வருகிறார். நாற்காலியிலிருந்து யார் கையும் பிடிக்காமல் எழுகிறார். போன கூட்டத்தில் உள்கடன் பாக்கியின் கடைசித் தவணையைக் கட்டிவிட்டு, "இனிமே கடன் வாங்குனா மாட்டுக்குத்தான், ஊசிக்கு இல்ல" என்றார். எல்லோரும் கைதட்டினோம்.

உறுப்பினர்களே, உங்கள் குழுவிலும் கூட்டத்துக்கு வராத ஓர் அக்காவோ அத்தையோ இருக்கலாம். அபராதம் எழுதும் முன் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஏன் வரவில்லை என்று கேளுங்கள். முட்டி வலி என்று சொன்னால், இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டி, முதல் பயிற்சியை அவரோடு உட்கார்ந்து நீங்களும் செய்யுங்கள்.