முதலில் நூல், பின்னரே கருவி



கல்லூரியில் முதலாண்டு பயிலும் என் பெயர்த்தி சென்ற கோடை விடுமுறையில் என்னிடம் ஒரு வினாவோடு வந்தாள். கட்டுரைப் போட்டியில் அவளுக்குச் சிறிது பரிசுப் பணம் கிடைத்திருந்தது. "தாத்தா, இதனோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் மின்னூல் படிக்கும் கருவி ஒன்று வாங்கிவிடலாம். வாங்கட்டுமா? வாங்கினால் என்னென்ன நூல்களைப் படிக்கலாம்? நீங்களே சொல்லுங்கள்" என்றாள்.

நான் உடனே விடை கூறவில்லை. வினாக்களின் வரிசையை மட்டும் மாற்றினேன். "என்னென்ன நூல்கள் என்பதை முதலில் எழுதுவோம், கருவி வேண்டுமா என்பதை அந்நூல்களே சொல்லிவிடும்" என்றேன். நெடுங்காலம் வகுப்பறையில் நின்ற பழக்கம் எளிதில் போகுமா? ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழித்தேன். இடப்பக்கம் நூலின் பெயர். வலப்பக்கம் அதனை எதில் படிப்பது நன்று என்னும் குறிப்பு. அவ்வினாவில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. அதனை அப்போது அவளிடம் கூறவில்லை; உங்களுக்கும் சற்றுப் பின்னரே கூறுவேன்.

இக்கருவியை இன்னும் பாராதவர்களுக்காக அதன் இயல்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கிண்டில் என்பதே இவ்வகையில் பலரும் அறிந்த பெயர். ஆறு அங்குலத் திரை. எடை ஏறத்தாழ 200 கிராம். ஆயிரக்கணக்கான நூல்கள் அதனுள் அடங்கும். அதன் திரை கைப்பேசியின் திரை போன்றதன்று. திரைக்குள் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய குமிழிகள் உள்ளன. ஒவ்வொன்றினுள்ளும் வெண்துகள்களும் கருந்துகள்களும் ஒரு திரவத்தில் மிதக்கின்றன. அவை எதிரெதிர் மின்னூட்டம் பெற்றவை. மின்விசை தாக்கியதும் ஒரு நிறம் மேலெழும். மற்றது கீழே அமிழும். எழுத்து இவ்வாறே தோன்றுகிறது. தோன்றிய எழுத்து மின்சாரம் இன்றியே நிலைத்து நிற்கும். பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் செலவாகும். ஆகவே ஒரு முறை மின்னேற்றினால் பல நாள் உழைக்கிறது. காகிதத்தைப் போலவே வெயிலிலும் படிக்கலாம். இவையெல்லாம் உண்மையான நன்மைகளே. ஆயினும் நன்மையுடைய பொருள் அனைத்தும் நமக்கு வேண்டிய பொருள் ஆகிவிடாது அன்றோ?

தாளில் முதலில் எழுதியது திருக்குறள். 1330 குறட்பாக்களையும் ஒரே மூச்சில் படிப்பார் அரியர். இன்று ஓர் அதிகாரம், நாளை அதற்கு முன்னுள்ள வேறோர் அதிகாரம் என்று புரட்டிப் புரட்டிப் படிக்க வேண்டிய நூல் அது. பொருள் விளங்கிய நாளில் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுத வேண்டும். பத்தாண்டு கழித்து அக்குறிப்பைக் கண்டு நாமே நகைக்கவும் வேண்டும். சிறிய பதிப்பின் விலையும் மிகக் குறைவு. "அச்சு நூல் நன்று" என்று எதிரில் எழுதினேன்.

இரண்டாவது, கல்கியின் பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் வெளிவந்து ஐந்து பாகங்களாக விரிந்த கதை. வீராணம் ஏரிக்கரையில் குதிரைமீது வரும் வந்தியத்தேவனோடு புறப்பட்டவர்கள் இடைவழியில் இறங்கமாட்டார்கள். ஆனால் விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் பருத்த ஐந்து தொகுதிகளைப் பெட்டியில் சுமப்பது எளிதன்று. கல்கியின் எழுத்துக்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருப்பதால் அவற்றை எவரும் வெளியிடலாம். 1998இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் இக்கதையை மின்னூலாக்கி இலவசமாக வழங்குகிறது. "கருவி நன்று" என்று எழுதினேன். பெயர்த்தியின் முகம் மலர்ந்தது.

மூன்றாவது, காந்தியடிகளின் சத்திய சோதனை. அதில் வரும் ஒரு நிகழ்ச்சியை அவளுக்குச் சொன்னேன். 1904ஆம் ஆண்டில் காந்தியடிகள் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் புறப்பட்டார். வழியனுப்ப வந்த நண்பர் போலக், ரஸ்கின் எழுதிய நூல் ஒன்றைப் பயணத்தில் படிக்கக் கொடுத்தார். எடுத்த நூலைக் கீழே வைக்க இயலவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை. அந்நூலின் கொள்கைப்படி வாழ்க்கையை மாற்றிக்கொள்ளத் துணிந்தார். ஃபீனிக்ஸ் குடியிருப்பு தோன்றியது. ஒரு நண்பர் தம் கையிலிருந்த நூலை மற்றவர் கையில் கொடுத்தார், நடந்தது அவ்வளவே.

கருவிக்கென வாங்கும் மின்னூலை அவ்வாறு கைமாற்றுவது எளிதன்று. பெரும்பாலும் நாம் விலை கொடுத்துப் பெறுவது படிக்கும் உரிமையே, உடைமை அன்று. 2009 ஜூலையில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை விற்ற ஒருவருக்கு அவற்றை வெளியிடும் உரிமை இல்லை என்று தெரியவந்தபோது, அமேசான் நிறுவனம் வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அந்நூல்களை நீக்கிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பின்னர் மன்னிப்பும் கேட்டது. நீக்கப்பட்டவற்றுள் ஒன்று, பழைய ஏடுகளைத் திருத்தியும் அழித்தும் ஆளும் ஓர் அரசைப் பற்றிய நாவல்! சத்திய சோதனைக்கு எதிரில், "அச்சு நூல், படித்தபின் ஒருவருக்குக் கொடுக்க" என்று எழுதினேன்.

நான்காவது, உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரம். 1940 முதல் ஆனந்த விகடனில் வெளிவந்து, ஆசிரியர் மறைந்தபின் 1950இல் நூலாயிற்று. என்னிடம் உள்ள பிரதி என் முதற்சம்பளத்தில் வாங்கியது. அதனை இரவல் பெற்ற மாணவர்கள் முன்னட்டையின் உட்புறத்தில் தம் பெயரை எழுத வேண்டும் என்பது என் விதி. இருபத்துமூன்று பெயர்கள் அங்கே உள்ளன.

"இதில் உங்களுக்கு மிகவும் பிடித்த இடத்தைப் படித்துக் காட்டுங்கள்" என்றாள் பெயர்த்தி. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் கண்ட பகுதியைத் தொடங்கினேன். தாம் கற்ற நூல்களை ஐயர் அடுக்கிச் சொல்கிறார், முதலியார் வியக்கவில்லை. பழைய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவுகிறார். அவ்வினாவே ஐயரைப் பழந்தமிழ் ஏடுகளிடம் கொண்டு சேர்த்தது. 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. ஓலையை விட்டுத் தாளுக்கு வந்ததால் தமிழ் குறைந்துவிடவில்லை, அழியவிருந்தது பிழைத்தது.

இதுவரை வந்ததும் என் பெயர்த்தி மெல்லக் கேட்டாள்: "தாத்தா, அந்த இடம் இந்தப் பக்கத்தில் இல்லையே?"

மாணவர்களே, நான் மறைத்துவைத்தது அதுவே. என் விழித்திரை தளர்ந்து ஆறு திங்கள் ஆகியிருந்தது. கண்ணாடியை மாற்றிப் பயனில்லை என்று மருத்துவர் கூறிவிட்டார். நாளிதழின் தலைப்பு எழுத்துக்களுக்கு மேல் ஒன்றும் தெரியாது. நூலை மடியில் வைத்துப் பக்கங்களைத் திருப்பிக்கொண்டிருப்பேன். நான் படிப்பதாக வீட்டார் எண்ணியிருந்தனர். அன்று சொன்னது முழுவதும் நினைவிலிருந்து சொன்னதே.

அவள் பேசாமல் தாளை வாங்கி, அதில் மூன்றாவதாக ஒரு கோடு கிழித்தாள். அதன் மேல், "படிப்பவர் யார்?" என்று எழுதினாள். நான் எழுதியிருக்க வேண்டிய தலைப்பு அது.

முடிவு எளிதாயிற்று. அவளுக்குக் கண் கூர்மையானது. கல்லூரிக்கு அருகிலேயே மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அவள் நூலக உறுப்பினராகி, பரிசுப் பணத்தில் அச்சு நூல்கள் வாங்கினாள். கருவியை வாங்கியவன் நான். அதில் எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கலாம். ஒரு திரையில் பத்து வரிகளே நின்றாலும் அப்பத்து வரிகளையும் நானே படிக்கிறேன். ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன். பழைய தமிழ் நூல்கள் பல, பக்கங்களைப் படமெடுத்த கோப்புகளாகவே கிடைக்கின்றன. சிறிய திரையில் அவை சுருங்கிவிடும். பெரிதாக்கினால் வரியின் பாதி மறைந்துவிடும். எழுத்து வடிவில் அமைந்த கோப்பே அளவுக்கு ஏற்ப வரிகளை மாற்றிக்கொள்ளும். நீங்கள் விரும்பும் நூல்கள் எவ்வடிவில் உள்ளன என்று பார்த்த பின்னரே பணத்தை எடுங்கள். படங்களும் வரைபடங்களும் நிறைந்த பாடநூலுக்கும் இச்சிறு திரை ஏற்றதன்று.

ஆகவே மூன்று வினாக்களை மனத்தில் கொள்க. எந்த நூல்? அது தொடர்ந்து படிப்பதா, புரட்டிப் படிப்பதா? படிப்பவர் யார்? இவற்றுக்கு விடை காணும் முன், நூலகத்தில் இரு நூல்களை எடுத்து இம்மாதத்திற்குள் முடித்துப் பாருங்கள். இரவல் நூலை முடிக்காதவர் கருவியிலும் முடிக்கப்போவதில்லை.

என் பழைய பிரதியில் இப்போது இருபத்துநான்காவது பெயர் ஏறியிருக்கிறது. ஞாயிறுதோறும் அவள் தொலைபேசியில் அழைத்து, தான் படித்த இடத்தைச் சொல்வாள். நானும் அதே இடத்தைக் கருவியில் தேடி எடுப்பேன். எங்கள் இருவருக்கும் பக்க எண் மட்டும் ஒருபோதும் ஒத்துவருவதில்லை.