மண்ணாய்வறிக்கையும் அதன் எல்லையும்

கட்டடம் ஒன்றின் உறுதி அது ஊன்றி நிற்கும் நிலத்தைப் பொறுத்தது. அந்நிலத்தின் இயல்பை ஆராய்ந்து கூறுவது மண்ணாய்வறிக்கை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, மாடிவீடு முதலியன எழுப்புவோர் அதனைப் பெற்று வேலை தொடங்குதல் நன்று. ஆயினும், அவ்வறிக்கை எதனைக் கண்டு கூறுகின்றது, எதனைக் கருதிக் கூறுகின்றது என்பதை உணராதார் அதனால் முழுப்பயன் அடையார்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை பெரும்பாலும் மணற்பாங்கானது. மேற்கேயுள்ள படுவான்கரை வயல்நிலம் மிக்கது. அலை ஒதுக்கிய மணல், வெள்ளம் கொணர்ந்த வண்டல், கண்டற் காடுகளின் இலைதழை மக்கிய கருஞ்சேறு ஆகியன நெடுங்காலம் படிந்து வாவிக்கரைகள் உருவாயின. வாவியின் முகத்துவாரம் மணலால் அடைபடுவதும் மாரிவெள்ளத்தால் திறப்பதும் இன்றும் நிகழ்வன. ஆதலின், ஓரிடத்தில் உறுதியான மணல் இருப்பினும், சிறிது தள்ளியோ அதன் கீழோ இளகிய களி இருத்தல் கூடும்.

இதனை அறியும் முறை யாது? நிலத்தில் துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களிலிருந்து மண்ணை எடுத்துப் பரிசோதிப்பர். 63.5 கிலோகிராம் நிறையுள்ள சம்மட்டியை 760 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, மாதிரிக்குழாயை 450 மில்லிமீற்றர் ஆழம் இறக்குவர். முதல் 150 மில்லிமீற்றரை விடுத்து, எஞ்சிய 300 மில்லிமீற்றர் இறங்குதற்கு வேண்டிய அடிகளை எண்ணிக் குறிப்பர். அடிகள் மிகின் மண் இறுக்கமானது, குறையின் தளர்ந்தது.

அறிக்கையின் முதல் எல்லை இடம் பற்றியது. 20 மீற்றர் அகலமும் 30 மீற்றர் நீளமும் உள்ள மனையொன்றில், 10 சதமமீற்றர் விட்டமுள்ள நான்கு துளைகள் இடப்பட்டன எனக் கொள்வோம். அவை தொட்ட பரப்பு, மனையின் பரப்பில் ஏறத்தாழ 19,000 இல் ஒரு பங்கேயாம். துளைக்குத் துளை படத்தில் வரையப்படும் கோடு அறிவு சார்ந்த ஊகம். இடையே தூர்ந்த பழங்கிணறு ஒன்று இருப்பின் அக்கோடு அதனைக் காட்டாது.

இரண்டாவது ஆழம் பற்றியது. கனடாவில் வினிப்பெக் நகருக்கு அருகே திரான்சுக்கோனாவில் தானியக் களஞ்சியம் ஒன்று கட்டியோர், அடித்தள மட்டத்துக் களிமண்ணின் தாங்குதிறனைச் சோதித்தே கட்டினர். 1913 ஆம் ஆண்டு தானியம் நிரப்பியபொழுது அது ஏறத்தாழ 27 பாகை சாய்ந்தது. 1951 இல் துளையிட்டு ஆராய்ந்தபோது, இறுகிய மேற்களியின் கீழ் மெல்லிய களி இருந்தமை புலனாயிற்று. சோதனை பொய்யன்று; கட்டடத்தின் பாரம் சென்ற ஆழத்துக்குச் சோதனை செல்லவில்லை.

மூன்றாவது காலம் பற்றியது. ஆவணி மாதத்தில் அளந்த நிலத்தடி நீர்மட்டம் மார்கழியில் நில்லாது. வடகீழ்ப் பருவமழையால் வாவி பெருகுங்கால் கரையோர நிலத்து நீரும் உயரும். நீரில் தோய்ந்த மணலின் தாங்குதிறன் குறைவதோடு, அத்திவாரக் குழியும் சரிய இடமுண்டு.

நான்காவது நோக்கம் பற்றியது. கல்லடியில் 1924 ஆம் ஆண்டுப் பாலமும் 2013 இல் திறந்த புதிய பாலமும் அருகருகே நிற்கின்றன. எனினும், பாரமும் தூண் நிற்கும் இடமும் வேறாதலின், ஒன்றற்குரிய ஆய்வு மற்றதற்கு அமையாது. ஒருமாடிக்கெனப் பெற்ற அறிக்கையைக் கொண்டு மும்மாடி எழுப்புவதும், அயலான் மனைக்குரியதைத் தன் மனைக்குக் கொள்வதும் இவ்வகைப் பிழைகளே.

இவற்றால் அறிக்கை பயனற்றது என்பது பெறப்படாது. துளைக்குறிப்பு கண்ட உண்மை, படுகைப்படம் ஊகம், அத்திவாரப் பரிந்துரை அவ்விரண்டின்மேல் எழுந்த கருத்து. இம்மூன்றையும் பிரித்து, முழு அறிக்கையையும் படித்தல் வேண்டும். கட்டடத்தின் அளவோ இடமோ மாறின் ஆய்வாளரிடம் மீண்டும் வினவுதல் வேண்டும். குழி தோண்டுங்கால் அறிக்கை கூறாத மண் தோன்றின், வேலையை நிறுத்திப் பொறியியலாளரை அழைத்தல் வேண்டும். ஒருநாள் வேலை நின்றால் வரும் இழப்புச் சிறிது; அத்திவாரம் அமிழ்ந்து சுவர் பிளந்தபின் திருத்துதற்கு ஆகும் செலவோ, ஒரு குடும்பத்தின் ஆயுட்கால உழைப்பையே விழுங்கவல்லது.