கருவுற்ற காலத்தில் செரிமானமும் சிறுநீரும்

தாய்மையைப் புகழ்ந்து பேச நாம் சலிப்பதில்லை. ஆனால், தாயாகப் போகும் பெண்ணுக்கு ஏன் குமட்டுகிறது, ஏன் நெஞ்சு எரிகிறது, ஏன் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறோம். இவை கேட்கத் தகாத கேள்விகள் அல்ல. இவற்றுக்கு விடை அறியாததனால் இயல்பானதைக் கண்டு அஞ்சுவதும், அஞ்ச வேண்டியதை இயல்பென்று விட்டுவிடுவதும் பல வீடுகளில் நேர்கின்றன. நான் மருத்துவன் அல்லன். பல்லாண்டுகள் பள்ளியில் உடலியல் கற்பித்த ஆசிரியன். மாணவ மாணவியராகிய உங்கள் இல்லத்தில் அக்காளோ அண்ணியோ கருவுற்றிருக்கக்கூடும். அவர்களுக்குத் துணைநிற்க வேண்டிய அளவு அறிவு உங்களிடம் இருத்தல் நன்று என்னும் எண்ணத்தினால் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

இம்மாறுதல்களுக்கு அடிப்படையான காரணங்கள் இரண்டு. முதலாவது, இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்லும் ஹார்மோன்கள். இரண்டாவது, வயிற்றினுள் ஏற்படும் இட நெருக்கடி.

கருப்பை தசையால் ஆகிய ஒரு பை. அது சுருங்கினால் கரு வெளியேறிவிடும். அவ்வாறு சுருங்காதபடி அதனைத் தளர்வாக வைத்திருப்பது புரோஜெஸ்டெரோன் என்னும் ஹார்மோனின் வேலைகளுள் ஒன்று. பள்ளியில் ஒரு வகுப்புக்கு மட்டும் ஓய்வு தர எண்ணி மணி அடித்தால், அந்த ஓசை எல்லா வகுப்புகளுக்கும் கேட்குமல்லவா? அதுபோலவே, கருப்பைக்கென எழுந்த இக்கட்டளை இரைப்பை, குடல், பித்தப்பை, சிறுநீர்க் குழாய்கள் ஆகியவற்றின் தசைகளுக்கும் எட்டுகிறது. அவையும் சற்றுத் தளர்கின்றன. இதனை மனத்திற் கொண்டால், பின்னர்ச் சொல்லப்போகும் பலவும் எளிதில் விளங்கும்.

இட நெருக்கடியையும் எண்ணிப் பாருங்கள். கைம்முட்டி அளவில், ஏறத்தாழ 70 கிராம் எடையுடன் இருந்த கருப்பை, பேறுகாலம் நெருங்கும்போது குழந்தையின் எடையைச் சேர்க்காமலே ஒரு கிலோகிராமை எட்டிவிடுகிறது. மேலே இரைப்பையும் குடலும், கீழே சிறுநீர்ப்பையும் அதற்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டியவையாகின்றன.

இனி, முதலில் தோன்றும் மசக்கையைக் காண்போம். கருவுற்ற பெண்களுள் நூற்றுக்கு எழுபதின்மருக்குக் குறையாமல் குமட்டலோ வாந்தியோ உண்டாகிறது. காலையில்தான் வரும் என்பது தவறு. எந்த நேரத்திலும் வரலாம். பெரும்பாலும் ஆறாம் வாரத்தை ஒட்டித் தொடங்கி, ஒன்பதாம் வாரத்தில் மிகுந்து, நான்கைந்து மாதங்களுக்குள் தணிந்துவிடும். இதனைப் பெண்ணின் மனப்போக்கு என்றும், பாசாங்கு என்றும் பழித்தவர்கள் உண்டு. அப்பழி அடாதது. கருவும் நஞ்சும் வெளிவிடும் ஜிடிஎஃப்-15 என்னும் புரதம் தாயின் மூளையைத் தாக்கி இக்குமட்டலை உண்டாக்குகிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. கருவுறுமுன் இப்புரதம் உடலில் குறைவாக இருந்த பெண்களே மிகுதியாக வருந்துகின்றனர் என்பதும் அதனால் விளங்கியது. ஆகவே, மசக்கையுற்றவளுக்குத் தேவை பொறுமையும் பரிவும். பொரி போன்ற உலர்ந்த உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை தருவதும், தாளிக்கும் நெடியை அவளிடமிருந்து விலக்குவதும் பயன் தரும்.

சிலருக்கு மண், சாம்பல், அரிசி இவற்றின்மேல் ஆசை செல்வதுண்டு. கருவுற்ற மகளிர் மண்ணை விரும்பி உண்ணும் வழக்கத்தைப் புறநானூறே குறிப்பிடுகிறது. அத்துணைப் பழமையானது அது. இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்தோரிடம் இவ்வாசை மிகுதியாகக் காணப்படுகிறது. மண்ணோடு புழுக்களின் முட்டைகளும் வயிற்றுட் செல்லும். ஆதலால், நகைத்து விட்டுவிடாமல் இரத்தத்தைச் சோதிக்கச் செய்தல் வேண்டும்.

அடுத்தது நெஞ்செரிச்சல். உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தில் உள்ள தசை வளையம் தளர்வதனாலும், வளரும் கருப்பை இரைப்பையை நெருக்குவதனாலும், அமிலம் மேலேறி எரிச்சல் தருகிறது. சிற்றளவாக உண்பதும், உண்டவுடன் படுக்காமல் இருப்பதும், தலைப்பக்கத்தை உயர்த்திப் படுப்பதும் இதனைக் குறைக்கும்.

தளர்ந்த குடலில் உணவு மெல்லவே நகர்கிறது. பெருங்குடலில் நெடுநேரம் தங்குவதனால் நீர் மிகுதியாக உறிஞ்சப்பட்டு மலம் இறுகுகிறது. மலச்சிக்கலும், முக்குவதனால் மூலமும் சிலருக்கு உண்டாகின்றன. கீரை, வாழைத்தண்டு, கொய்யாப்பழம், போதிய தண்ணீர், நடை ஆகியவையே இதற்கு முதல் மருந்து. இரும்புச் சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும், கருநிறமாகவும் ஆக்கும். அதனைக் கண்டு அஞ்சி மாத்திரையை எறிந்துவிடுதல் கூடாது. தேநீருடனோ காப்பியுடனோ அம்மாத்திரையை உண்டால் சத்து உடலிற் சேர்வது குறையும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இத்தனை தொல்லைக்கிடையிலும் குடல் தன் கடமையை மறப்பதில்லை. குழந்தையின் எலும்புக்காக, உணவிலுள்ள கால்சியத்தை முன்னைவிட ஏறத்தாழ இருமடங்கு ஈர்த்துக்கொள்கிறது. இரும்புச் சத்தை ஏற்கும் திறனும் உயர்கிறது.

சிறுநீரகங்களுக்கு வருவோம். கருவிலுள்ள குழந்தையின் கழிவுகள் நஞ்சின் வழியே தாயின் இரத்தத்திற் கலக்கின்றன. அவற்றையும் தாயின் சிறுநீரகங்களே வெளியேற்ற வேண்டும். ஆகவே, முதல் மூன்று மாதங்களுக்குள்ளாகவே அவை இரத்தத்தை வடிக்கும் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. தொடக்கத்தில் கருப்பை இடுப்புக் குழியினுள் இருந்து சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. நடுவிலுள்ள மாதங்களில் மேலெழுந்து சிறிது ஆறுதல் தருகிறது. இறுதியில் குழந்தையின் தலை கீழிறங்கி மீண்டும் அழுத்துகிறது. பகலில் கால்களில் தேங்கிய நீர், படுத்தபின் இரத்தத்திற்குத் திரும்புவதனால், இரவிலும் எழ வேண்டியதாகிறது. இவையெல்லாம் இயல்பே.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். நான் அறிந்த ஒரு பள்ளியில், கருவுற்றிருந்த ஆசிரியை ஒருவர், வகுப்பை விட்டு அடிக்கடி வெளியே செல்வதற்கு நாணித் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொண்டார், சிறுநீரையும் அடக்கிவந்தார். சில வாரங்களில் குளிர்காய்ச்சலும் விலாவின் பின்புறத்தில் கடும் வலியும் கண்டு மருத்துவமனையிற் சேர நேர்ந்தது. சிறுநீரகத்தில் கிருமி தொற்றியிருந்தது. நல்ல வேளையாகத் தாயும் சேயும் பிழைத்தனர்.

இது ஏன் நேர்கிறது? தளர்ந்து அகன்ற சிறுநீர்க் குழாய்களில், சிறப்பாக வலப்புறத்தில், சிறுநீர் தேங்குகிறது. தேங்கிய நீர் கிருமிகள் பெருக ஏற்ற இடம். கருவுற்ற பெண்களுள் நூற்றுக்கு இருவர் முதல் பதின்மர் வரை, எரிச்சலோ வலியோ ஏதுமின்றியே சிறுநீரில் கிருமிகளைக் கொண்டிருக்கின்றனர். அவருள் ஒரு பகுதியினருக்குக் கிருமி மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்கும். குறைமாதப் பிறப்புக்கும் அது காரணமாகலாம். கிருமிகளை முன்னரே கண்டு மருந்தளித்தால் இத்துன்பத்தைத் தடுக்கலாம் என்பதை, பாஸ்டன் நகர மருத்துவர் எட்வர்ட் காஸ் 1960-ஆம் ஆண்டை ஒட்டிய தம் ஆய்வுகளால் விளக்கினார். நலமாயிருக்கும் பெண்ணின் சிறுநீரையும் சோதிப்பதன் பொருள் இதுவே.

அச்சோதனையில் மற்றொரு பயனும் உண்டு. சிறுநீரிற் சிறிது சர்க்கரை காணப்படுவது, மிகுதியாக வடிப்பதன் விளைவாகவும் இருக்கலாம். நீரிழிவுதானா என்பதை இரத்தச் சோதனையே தீர்மானிக்கும். ஆனால், ஐந்து மாதங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 என்னும் அளவை எட்டி, சிறுநீரிற் புரதமும் தோன்றினால், அது பிரீ எக்ளாம்ப்சியா என்னும் கொடிய நோயின் அறிகுறி. கடுந்தலைவலி, பார்வை மங்கல், முகத்திலும் கைகளிலும் திடீர் வீக்கம் ஆகியவை அதனோடு வரலாம். மேல்வயிற்றில் வலி கண்டால், வாயுவென்றும் நெஞ்செரிச்சலென்றும் எண்ணி ஓமநீர் கொடுத்துக் காத்திருப்போர் உளர். அக்காத்திருப்பு உயிருக்கே இடராகலாம்.

எனவே, இவற்றை நன்கு நினைவில் வையுங்கள். குடித்த தண்ணீரும் தங்காத வாந்தி, சிறுநீர் குறைந்து நிறம் கறுத்தல், உடல் எடை இறங்குதல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், குளிர்காய்ச்சல், விலாப்புற வலி, சிறுநீரிலோ வாந்தியிலோ இரத்தம், மேற்சொன்ன தலைவலியும் பார்வை மங்கலும் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றைக்கே மருத்துவரை நாட வேண்டும். வீட்டு மருந்துக்கு அங்கே இடமில்லை.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீர், இரத்தம், இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கட்டணமின்றிச் சோதிக்கின்றனர். 2016-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்படி, ஒவ்வொரு மாதமும் 9-ஆம் நாள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. அந்த நாளை வீட்டு நாட்காட்டியில் குறித்து வைப்பது மாணவர்களாகிய உங்களால் இயலும். கருவுற்றிருக்கும் பெண் பேருந்துப் பயணத்திலோ, விருந்தினர் நிறைந்த வீட்டிலோ, வேலை செய்யுமிடத்திலோ சிறுநீர் கழிக்க எழுந்தால், ஏனென்று கேளாமல் வழிவிடுங்கள். தண்ணீர்ச் செம்பை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பள்ளியிற் பயின்ற உடலியல், வீட்டில் இவ்வளவு உதவினாலே போதும். கற்றதன் பயன் கிட்டியதென்று நான் மகிழ்வேன்.