வெளியே புதுசு, உள்ளே ஏழு வயசு

2019 ஜூலையில் ஹூஸ்டனிலிருந்து பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பிக்கப் வண்டிக்குப் பின்னால், அந்த வருஷம்தான் பழையதாக வாங்கிய 25 அடி டிரெய்லர். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளியலறை எல்லாம் உள்ள சின்ன வீடு அது. ஓசோனா ஊரைத் தாண்டியதும் ஒரு லாரிக்காரர் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்து, பின்னால் பார்க்கச் சொல்லிக் கை காட்டினார். ஓரம் கட்டி இறங்கினோம். இடது பக்கத்துப் பின்சக்கரத்தில் டயரே இல்லை. ரிம்மைச் சுற்றிக் கம்பி நாரும் ரப்பர் துண்டுகளும் தொங்கின. அறுந்து சுழன்ற ரப்பர், சக்கரத்தின் மேல் தகட்டைக் கிழித்து, சமையலறை அலமாரியின் அடிப்பலகையைப் பெயர்த்திருந்தது. அங்கிருந்து ஒரு முழம் தள்ளி கேஸ் குழாய்.

ஓட்டிக்கொண்டு வந்த என் கணவருக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. கார் டயரில் காற்று இறங்கினால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், வண்டி ஆடும். நாலு சக்கர டிரெய்லரில் ஒரு டயர் போனால் அதன் ஜோடி டயர் அந்தச் சுமையையும் தாங்கிக்கொண்டு ஓடும். பிறகு அதுவும் வெடிக்கும். காற்று குறைந்தால் விளக்கு எரிந்து எச்சரிக்க வேண்டும் என்ற அமெரிக்க விதி கார்களுக்கு உண்டு, டிரெய்லருக்குக் கிடையாது.

என் அப்பா நாமக்கல்லில் இருபது வருஷம் லாரி ஓட்டியவர். அன்று இரவு போனில் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "டயருக்கு வயசு என்னன்னு பாத்தியா, கண்ணு?"

பார்க்கவில்லை. விற்றவர் "புது டயர் மாதிரிதான்" என்றார். பட்டன் ஆழமாக இருந்தது, நம்பிவிட்டோம். மறுநாள் காலையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு டிரெய்லருக்கு அடியில் படுத்தேன். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசை இருக்கும். அதன் கடைசி நாலு எண்கள்தான் பிறந்த தேதி: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். எங்களுடையதில் 4012. அதாவது 2012ஆம் ஆண்டின் 40ஆவது வாரம். கிட்டத்தட்ட ஏழு வயசு. பின்னால் உறை போட்டு மாட்டியிருந்த ஸ்டெப்னியும் அதே 4012.

டிரெய்லர் டயர் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை. வருஷத்தில் பத்து மாதம் ஒரே இடத்தில் வெயிலில் நிற்கிறது. ரப்பர் வெடிக்காமல் காக்கும் மெழுகும் ரசாயனமும் டயர் உருண்டு நெளியும்போதுதான் மேற்பரப்புக்குக் கசிந்து வரும். நின்றே கிடந்தால் வராது. மேலே பட்டன் பளபளவென்று இருக்க, உள்ளே கம்பிப் படலத்துக்கும் ரப்பருக்கும் இடையே பிடிப்பு விட்டுக்கொண்டே போகும். கோடை வெயிலில் முழுச் சுமையோடு வேகமாக ஓடும் ஒரு நாளில் மேல்பட்டை மொத்தமாக உரிந்து வரும். ஐந்து வருஷம் ஆனால் மாற்றும் யோசனை வர வேண்டும், ஏழுக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது இந்த வண்டிக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு.

இரண்டாவது தவறு சுமை. திரும்பி வரும்போது லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப் ஒன்றில் கேட் ஸ்கேல் எடைமேடையில் டிரெய்லரை ஏற்றினோம். நாலு சக்கரத்தின் மேலும் 6,780 பவுண்டு. எங்கள் டயர் எஸ்.டி.205/75ஆர்14, சுமை வகுப்பு 'சி': ஒன்று 1,760 பவுண்டு தாங்கும், நாலும் சேர்ந்து 7,040. கணக்குக்கு உள்ளேதான் இருந்தோம். ஆனால் ஒரு டயருக்கு வெறும் 65 பவுண்டு மிச்சம்! அதுவும் எடை நாலிலும் சமமாக இறங்கினால்தான். அடுப்பும் ஃப்ரிட்ஜும் தொட்டியும் இருந்தது இடது பக்கம். வெடித்ததும் இடது பக்கம்.

அதே அளவில் 'டி' வகுப்பு டயர் 2,040 பவுண்டு தாங்கும். நாலுக்கும் 8,160. அதை வாங்குவதென்று முடிவு செய்தேன். கடைக்காரர் கார் டயர் மலிவாகக் கிடைக்கும் என்றார். வேண்டாம் என்றேன். கார் டயரை டிரெய்லரில் மாட்டினால் அதன் தாங்குதிறனை 1.1ஆல் வகுத்துக் குறைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. எஸ்.டி. என்றால் டிரெய்லருக்கென்றே செய்தது. பக்கவாட்டு விறைப்பாக இருக்கும். முகாமில் பின்னோக்கி வளைத்து நிறுத்தும் நேரத்தில் டிரெய்லருக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். முன்சக்கரம் ஒரு பக்கமும் பின்சக்கரம் மறுபக்கமும் தரையோடு உரசி இழுபட்டு, டயர் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலைத் தாங்கத்தான் அந்த விறைப்பு.

'டி' வகுப்புக்கு முழுக் காற்று 65 பி.எஸ்.ஐ., 'சி'க்கு 50. அதனால் ரிம் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று அதன் உட்புறத்தில் பொறித்திருந்ததைப் படித்துப் பார்த்தோம். சாதாரண ரப்பர் வால்வின் எல்லையே 65தான். உலோக வால்வு போடச் சொன்னேன். நாலு டயர் வாங்கும் செலவில் அது ஒன்றுமே இல்லை. காற்றை எப்போதும் கிளம்புவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறித்தான் இருக்கும். அதைப் பார்த்துக் காற்றை இறக்குவது பெரிய ஆபத்து.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் போன ஐ-10 நெடுஞ்சாலையில், மேற்கு டெக்சாஸின் நீண்ட பகுதியில் வேக வரம்பு மணிக்கு 80 மைல். வேறு குறிப்பு இல்லாத பழைய எஸ்.டி. டயருக்கு எல்லை 65 மைல். சாலை அனுமதிப்பதை டயர் அனுமதிப்பதில்லை. கலிஃபோர்னியாவில் எதையாவது இழுத்துக்கொண்டு போனால் 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். நான் வாங்கிய குட்இயர் எண்டியூரன்ஸ் டயரில் 'என்' என்ற வேகக் குறி, அதாவது 87 மைல். ஆனாலும் எங்கள் வண்டி 62ஐத் தாண்டுவதில்லை.

வால்வு மூடிக்குப் பதில் திருகும் சின்ன சென்சார்கள் நாலு வாங்கினோம். காற்றும் சூடும் முன்னால் டேஷ்போர்டில் தெரியும். இருந்தும் இளைப்பாற நிறுத்தும் இடத்திலெல்லாம் நான் இறங்கி, அப்பா செய்ததுபோல ஒவ்வொரு டயரின் மேலும் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். வெயில் பக்கம் கொஞ்சம் சுடும், அது சரி. ஒன்று மட்டும் தன் ஜோடியைவிட அதிகமாகச் சுட்டால் காற்று குறைந்திருக்கும், இல்லையென்றால் பேரிங்கில் கோளாறு.

2024இல் ஐந்தையும் கழற்றி மாற்றினோம், ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான். கடைப் பையன் பட்டனில் விரலை வைத்து, இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறதே என்றான். டார்ச்சை அடித்து அந்த நாலு எண்ணைக் காட்டினேன். புது டயர்களின் எண்ணையும் படித்துச் சொல்லச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் மாட்டவிட்டேன்.