வெண்பனியில் டிஸ்க் கோல்ஃப்: தட்டையும் தொலைக்காமல், விரலையும் இழக்காமல்

பனி கொட்டத் தொடங்கியதும் கனடா, அமெரிக்காவின் வட மாநிலங்கள், பின்லாந்து போன்ற இடங்களில் உதைபந்தாட்டத் திடல்கள் வெறிச்சோடி விடுகின்றன. கோல்ஃப் மைதானங்களின் வாயில்கள் பூட்டப்படுகின்றன. ஆனால் டிஸ்க் கோல்ஃப் தொடர்கிறது. அது பெரும்பாலும் பொதுப் பூங்காக்களில், மரங்களுக்கு இடையே விளையாடப்படுவது. பாதுகாக்க வேண்டிய விலையுயர்ந்த புற்றரை அதற்குத் தேவையில்லை.

இங்கே பந்தும் மட்டையும் இல்லை. ஏறத்தாழ 21 சென்டிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்டிக் தட்டை எறிந்து, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் விழுத்த வேண்டும். குறைந்த எறிதல்களில் முடிப்பவரே வெற்றியாளர். இந்தக் கூடையை 1970களில் வடிவமைத்தவர் அமெரிக்கரான எட் ஹெட்ரிக். தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தை 1976இல் தொடக்கியவரும் அவரே.

பனியில் முதலில் வரும் சிக்கல் தட்டு காணாமல் போவதுதான். மென்பனியில் சரிவாக இறங்கும் தட்டு, உண்டியலில் போட்ட நாணயம் போல உள்ளே போய்விடும். மேலே மெல்லிய கீறல் மட்டுமே மிஞ்சும். எனவே உயரமாக எறிவதைத் தவிர்த்து, தாழ்வாகவும் தட்டையாகவும் எறிவது நல்லது. விழும் இடத்தை அருகிலுள்ள ஒரு மரத்தை வைத்து அடையாளப்படுத்திக்கொள்ள வேண்டும். பனியை மிதித்துக் குழப்புவதற்கு முன் கீறலைக் கண்டுபிடித்து, தட்டு பறந்த திசையிலேயே தோண்டிப் பார்க்க வேண்டும். விதிப்படி தேடுவதற்கு 3 நிமிடங்களே உண்டு. அதற்குள் கிடைக்காவிட்டால் ஒரு எறிதல் தண்டனையாகச் சேரும்.

வெள்ளைத் தட்டுகளை வீட்டில் விட்டுவிட்டு, கடும் இளஞ்சிவப்பு அல்லது செம்மஞ்சள் நிறத் தட்டுகளைக் கொண்டுசெல்லுங்கள். பலர் தட்டின் அடிப்பக்கத்தில் நீளமான ரிப்பன் ஒன்றை ஒட்டிக்கொள்கிறார்கள். தட்டு புதைந்தாலும் வால் வெளியே தெரியும். குளிரில் ஒட்டுநாடா பிடிக்காது என்பதால், தட்டு உலர்ந்து சூடாக இருக்கும்போது வீட்டிலேயே ஒட்டிவிட வேண்டும். போட்டியென்றால் ரிப்பனுக்கு அனுமதி உண்டா என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் ஹெல்சிங்கியில் பகல் வெளிச்சம் 6 மணித்தியாலத்துக்கும் குறைவு. அதனால் சிறிய மின்விளக்குகளைத் தட்டில் ஒட்டி இருட்டில் விளையாடுவோரும் உண்டு.

கோடையில் எறிந்த தூரம் குளிரில் வராது. மறை 10 பாகை செல்சியஸில் உள்ள காற்று, 25 பாகையில் உள்ள காற்றைவிட ஏறக்குறைய 13 வீதம் அடர்த்தியானது. தட்டுக்கு அது கூடுதல் தடையாகிறது. தடித்த மேலங்கி தோளின் வீச்சைக் குறைக்கிறது. பிளாஸ்டிக்கும் இறுகி வழுக்கத் தொடங்குகிறது. மரத்தில் மோதினால் வெடிக்கவும் கூடும். கடினமான தட்டுகளைவிட மிருதுவான தட்டுகள் குளிரில் கைக்கு நன்றாகப் பிடிபடும். ஈரத்தைத் துடைக்க இரண்டு துவாய்கள் அவசியம்.

எறியும் இடத்தைத் தும்புத்தடியால் கூட்டித் துப்புரவாக்குங்கள். ஓடிவந்து எறியாமல் நின்ற இடத்திலிருந்தே எறிந்தால் வழுக்கி விழும் ஆபத்து குறையும். சப்பாத்துக்கு அடியில் மாட்டும் முட்பிடிகளும் உதவும். எறியும் கையில் கையுறையைக் கழற்றுவோர், எறிந்த கையோடு மீண்டும் அணிந்துகொள்ள வேண்டும். விரல் மரத்து வெளிறினால் அது பனிக்கடியின் தொடக்கமாக இருக்கலாம். ஆட்டத்தை நிறுத்தி உள்ளே போவதே புத்தி.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து உறைந்த குளங்கள். இறுகிய பனிமேல் வழுக்கிச் செல்லும் தட்டு பல வேளைகளில் அங்கேதான் போய் நிற்கும். நடந்து செல்வதற்கே குறைந்தது 10 சென்டிமீற்றர் தடிப்புள்ள தெளிந்த பனிக்கட்டி வேண்டும் என்பது மினசோட்டா மாநில அதிகாரிகளின் அறிவுறுத்தல். முழுப் பாதுகாப்பான பனிக்கட்டி என்று எதுவும் இல்லை என்றும் அவர்கள் எச்சரிக்கிறார்கள். தடிப்புத் தெரியாத பனிக்கட்டியில் ஒரு தட்டுக்காகக் கால் வைக்காதீர்கள். தட்டின் அடியில் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதியிருந்தால், பனி உருகும்போது அதைக் கண்டெடுப்பவர் உங்களை அழைப்பார். அப்படித் திருப்பிக் கொடுப்பது இவ்விளையாட்டில் நல்ல வழக்கம்.

இந்தக் குளிரையே நற்காரியத்துக்குப் பயன்படுத்துகிறது 'ஐஸ் போல்'. 1987இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள கொலம்பியா நகரில் தொடங்கிய இந்தக் குளிர்காலப் போட்டி, இன்று பல நகரங்களில் நடக்கிறது. காலநிலை எப்படியிருந்தாலும் ஆட்டத்தை ஒத்திவைப்பதில்லை என்பதே அதன் மரபு. திரட்டப்படும் பணம் அந்தந்த ஊர்களின் உணவு வங்கிகள் போன்றவற்றுக்குச் செல்கிறது. வெப்பமூட்டல் செலவு குடும்பங்களை நெரிக்கும் மாதங்களில் அந்த உதவிக்குப் பெறுமதி அதிகம்.

எம்மவர்கள் செறிந்து வாழும் ரொறன்ரோவிலும் ஈ.ரி. செற்றன் பூங்கா போன்ற இடங்களில் கூடைகள் உள்ளன. மாதக்கணக்கில் வீட்டுக்குள் முடங்கும் முதியோருக்கும் பிள்ளைகளுக்கும், ஒரு தட்டையும் நல்ல சப்பாத்தையும் கொண்டு வெளியே வர இது ஒரு காரணமாகலாம்.