கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு



"தண்ணியக் கொதிக்க வச்சுட்டா எல்லாம் செத்துப் போயிடும்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. காலரா, வயிற்றுப்போக்கு போன்றவற்றைக் கொண்டுவரும் கிருமிகள் கொதியில் சாகும். ஆனால் மேட்டில் அடித்த புல் மருந்து மழையோடு ஓடைக்கு வந்து சேர்ந்தால்? அதற்கு உயிரா இருக்கிறது, சாவதற்கு? தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சத்தில் மருந்தின் கடுமை கொஞ்சம் கூடத்தான் செய்யும். படிகாரம் போட்டால் கலங்கல் அடியில் படியும். கரைந்த மருந்து பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

கரி வடிகட்டி சில நஞ்சுகளைப் பிடித்து வைக்கும், அழிக்காது. நஞ்சையே உடைத்துப் போட ஒரு வழி உண்டு. 1972-இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் புஜிஷிமா, ஹோண்டா இருவரும், டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் ஒளி பட்டால் தண்ணீர் பிரிகிறது என்று வெளியிட்டார்கள். பெரிய பேராக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். வெள்ளைப் பெயிண்டில் கலக்கும் வெள்ளைப் பொடிதான் அது! வெயிலிலுள்ள புறஊதா ஒளி பட்டதும், அந்தப் பொடியின் மேல் தண்ணீரிலிருந்து வேகமான துணுக்குகள் பிறக்கின்றன. இவை நஞ்சைக் கடித்துக் கடித்துத் துண்டாக்கும். வேலை முழுதாக முடிந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் கரியமில வாயுவும் தண்ணீரும் சிறிது உப்பும். பொடி செலவாவதில்லை, தூண்டி மட்டும் விடுகிறது. அதனால்தான் வினையூக்கி என்கிறார்கள்.

இதில் சிக்கலும் உண்டு. வெயிலில் புறஊதா ஒளி நூற்றில் ஐந்து பங்கு அளவே. மாவைவிட நைசான பொடியைத் தண்ணீரிலிருந்து திரும்ப எடுப்பதும் பெரும்பாடு. ஆகவே மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அளவுகோலாக வைத்து, அந்தப் பொடியோடு வேறு பொருளைச் சேர்த்து நானோ கூட்டுப்பொருள் செய்கிறார்கள். சாதாரண வெளிச்சத்திலும் வேலை செய்ய ஒன்று. இரும்பு ஆக்சைடு சேர்த்தால் காந்தத்தால் இழுத்தெடுக்கலாம்.

ஆனாலும் கலங்கல் நீரில் ஒளி இறங்காது. பாதியில் நின்றால் உடைந்த துண்டே நஞ்சாகலாம். ஈயம், ஆர்செனிக் போன்றவை தனிமங்கள். அவற்றை எந்த வினையூக்கியாலும் உடைத்து இல்லாமல் செய்ய முடியாது. ஆகவே "அற்புதப் பொடி" என்று யாராவது வாசலில் விற்க வந்தால் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

பேராகுவாட் மருந்துக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை. மற்ற மருந்துகள் இன்னும் அடிக்கப்படுகின்றன. காலி மருந்து டின்னை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்ளாதீர்கள், அம்மா. "நல்ல டின்னாச்சே" என்று மனசு கேட்காதுதான், ஓட்டை போட்டுவிடுங்கள். மருந்து அடிக்கும் தோம்பை ஓடையில் அலசுபவரைக் கண்டால் தடுத்துச் சொல்லுங்கள். தோட்ட வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தருவது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் சொல்கிறது. உங்கள் லயத்தில் இன்னும் ஓடைத் தண்ணீர்தான் என்றால், அடுத்த கிளைக் கூட்டத்திலேயே எழுந்து சொல்லுங்கள்.