'ஃபேர் சான்ஸ்' என்றால் எத்தனை சதவிகிதம்? கென்னடி வரை குழப்பிய இரண்டு சொற்கள்!

1961-ன் தொடக்கம். கென்னடி அமெரிக்க அதிபராகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஃபிடல் காஸ்ட்ரோவின் ஆட்சியைக் கவிழ்க்க, கியூபாவிலிருந்து வெளியேறியவர்களுக்கு சி.ஐ.ஏ ரகசியமாகப் பயிற்சி கொடுத்துவந்தது. 'இது தேறுமா?' என்று முப்படைத் தளபதிகளிடம் கருத்து கேட்கப்பட்டது. வெற்றிக்கு 'ஃபேர் சான்ஸ்' இருக்கிறது என்று அறிக்கை வந்தது.

அந்த மதிப்பீட்டைத் தயாரித்த ராணுவ அதிகாரி டேவிட் கிரே மனதில் வைத்திருந்தது, வெறும் 30 சதவிகிதம். அதாவது, தோற்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால், அந்த எண் அறிக்கையில் இல்லை. 'ஃபேர்' என்று படிப்பவருக்கோ, 'பரவாயில்லை, தேறிடும்' என்றுதானே தோன்றும்?

ஏப்ரல் 17-ல் சுமார் 1,400 பேர் பிக்ஸ் வளைகுடாவில் இறங்கினார்கள். மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1,100-க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும், அந்த 30 எழுதப்பட்டிருந்தால் கென்னடி இன்னொரு முறை யோசித்திருப்பார் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தச் சிக்கலை அதற்கு முன்பே உணர்ந்தவர், சி.ஐ.ஏ-வின் ஷெர்மன் கென்ட். 1951-ல் யூகோஸ்லாவியா தாக்கப்பட 'சீரியஸ் பாசிபிலிட்டி' இருப்பதாக அவரது குழு எழுதியது. பிறகு குழுவினரிடமே அர்த்தம் கேட்டால், 20 சதவிகிதத்தில் ஆரம்பித்து 80 வரை ஆளுக்கொரு கணக்கு! 1964-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்தார். 'ப்ராபப்ளி நாட்' என்றால் சுமார் 30 சதவிகிதம்; 'ஆல்மோஸ்ட் செர்ட்டன்லி நாட்' என்றால் சுமார் 7.

ஐ.நா-வின் பருவநிலை அறிக்கைகளிலும் இதே வழக்கம்தான். 'அன்லைக்லி' என்றால் அதிகபட்சம் 33 சதவிகிதம். 'வெரி அன்லைக்லி' என்றால் 10.

நம் அலுவலக மெயில்களுக்கு இப்படிப் பட்டியல் கிடையாது. 'தேர் இஸ் எ லிட்டில் சான்ஸ்' என்றால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. நடுவில் அந்த 'எ' விடுபட்டால், அநேகமாக நடக்காது என்று பொருள். 'ஸ்லிம் சான்ஸ்' என்றாலும் வாய்ப்பு குறைவு. 'ஃபேட் சான்ஸ்' என்றாலும் நடக்காது என்றுதான் அர்த்தம். இரண்டாவது கிண்டல், மேனேஜருக்கு எழுதிவிடாதீர்கள். (நாம் மட்டும் என்னவாம்? பாட்டு பிடித்தாலும் 'சான்ஸே இல்ல' என்கிறோம், டிக்கெட் கிடைக்காவிட்டாலும் 'சான்ஸே இல்ல' என்கிறோம்!)

'வெள்ளிக்கிழமைக்குள் முடிவது அன்லைக்லி' என்று அனுப்பும்போது, பக்கத்திலேயே '10-ல் 2 வாய்ப்புதான்' என்று சேர்த்துவிட்டால், மேனேஜர் வெள்ளிக்கிழமை மாலை போன் அடிக்க மாட்டார்.